அழுதால் போக வேண்டாம்

தூங்குகிறாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேலே வீசிப்போட்டு, அடிவாங்கி விழுந்தவள் மாதிரி பாயில் கிடக்கிறாள். ஃபேன் காற்றில் நெற்றி மயிர் மட்டும் ஆடுகிறது. இவள் எழுந்திருப்பதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். தீம் பார்க்குக்குப் போக இந்தப் பிள்ளைக்கு, என் இவாக்குட்டிக்கு, வயது போதுமா, போதாதா. இரண்டு வயது. இரண்டு வயதுக்கு எதுதான் போதும், படிக்கட்டே மலை, திராட்சைப்பழமே தொண்டையை அடைக்கிற கல். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிற சகாயா அண்ணி, பிரிட்டோவின் அக்கா, தன் இரண்டு பையன்களுக்காக நாளைக் காலைக்கு வேன் சொல்லிவிட்டாள். அவள் என்றுதான் மனதுக்குள் வருகிறது, பிரிட்டோவும் மனதுக்குள் அவன்தான், வாயைத் திறந்தால் மட்டும் வாங்க அண்ணி, என்னங்க சாப்பிடுறீங்களா என்று மரியாதை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், கான்வென்ட்டில் பழக்கிய வாய். மத்தியானம் குரலைப் பதிந்து குடும்ப குரூப்பில் போட்டிருந்தாள், பின்னால் பையன்களின் கூச்சல், "ஜெசி, வேன்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு, சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு. பிள்ளையத் தூக்கிட்டு வர்றதுன்னா தாராளமா வா. பயமா இருந்தா நீயும் அவளும் வீட்லயே நிம்மதியா இருங்க, நாங்க போட்டோ அனுப்புறோம்." போட்டோ அனுப்புறோம். செத்தவர்கள் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புகிற மாதிரி. காலையில் பிரிட்டோ ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே சொன்னான், "அழுவா அழுவான்னு நீதான் அழுதுக்கிட்டிருக்க, அவ எங்க அழுதா? அழுதா வேணாம், அழலையா, போறோம். அவ்வளவுதான் மேட்டர்." அப்புறம் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடும்போது படியிலிருந்து திரும்பி, பெரிய சலுகை கொடுக்கிறவன் மாதிரி, "இதெல்லாம் அவளுக்கு ஞாபகமா இருக்கப்போகுது? விடு." விட முடியவில்லை, அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன், முள்ளில் சேலை மாட்டின மாதிரி. ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருக்காது என்றால் அவ்வளவு தூரம் வெயிலில் தூக்கிக்கொண்டு போய் என்ன. ஞாபகம் இருக்காது என்றால் பயந்தால்தான் என்ன. ஞாபகம் இருக்காது என்றால் இந்த இரண்டு வருஷமாக நான் விழித்த ராத்திரி, காம்பு வெடித்து ரத்தம் கலந்து குடித்த பால், மலத்தைக் கையில் ஏந்தி ஓடினது, எல்லாம் எங்கே போய் விழுகிறது, எந்தக் கிணற்றில். நாளைக்கு ஏதோ ஒரு ராட்டினத்தின் போல்ட் கழன்று நான் மட்டும் செத்துப்போனால் இவளுக்கு நான் ஒரு போட்டோ. அண்ணி அதை ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், இதான் இவ அம்மா, நல்ல பொண்ணு, ஆனா பயந்தாங்கொள்ளி.

எனக்கு ஞாபகமிருக்கிற முதல் விஷயமே பயம்தான். பொருட்காட்சியில் மரணக் கிணறு, கீழே மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறி ஏறி வருகிறது, பலகை அதிர்கிறது, அந்த அதிர்வு அப்பாவின் முழங்கை வழியாக என் வயிற்றுக்கு வருகிறது, அப்பா என்னை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடித்து பாரு பாரு என்கிறார், அவருடைய வாட்ச் சங்கிலி என் தொடையைக் கடிக்கிறது. இவர் கையை விடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சே வராத வயசில் எப்படித் தெரியும், ஆனால் தெரிந்தது. பெரியவளான பிறகு கேட்டேன், "உன்ன எங்க தூக்கிட்டுப் போனேன், அது உன் தம்பி, நீ அன்னைக்கு அம்மை போட்டு வீட்ல கெடந்த" என்றார். அப்படியானால் என் தொடையைக் கடித்தது யாருடைய வாட்ச். ஒருவேளை எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பயம் கூடவே பிறக்கிறதோ, தூக்குகிறவன் விட்டுவிடுவான் என்கிற பயம், அதற்கு ஏற்ற கிணற்றை அப்புறம் தேடிக்கொள்கிறோமோ. நான் இவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவதில்லை. துணி காயப்போடும்போது இவள் உள்ளே, கதவு தாழ் போட்டு. ஏனென்றால் அந்தக் கம்பி அருகே போனாலே எனக்கு ஒரு படம் வரும், இவள் விழுகிற படம், தவறி விழுகிற படம் அல்ல. என் கை இரண்டும் விரிந்தபடி, இவள் கீழே, கீழ்வீட்டு பிலோமி அக்காவின் கறிவேப்பிலைத் தொட்டிமேல். காய் நறுக்கும்போது வேறு படம். குளிக்க ஊற்றும்போது வேறு படம். ஒருதரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லப் பார்த்தேன், கெட்ட நினைப்பு வருது ஃபாதர் என்றேன், அவர் வேறு மாதிரிக் கெட்ட நினைப்பு என்று எடுத்துக்கொண்டார், "புருஷன் கூட சந்தோஷமா இருங்கம்மா, ஜெபமாலை சொல்லுங்க" என்றார். நினைத்தாலே செய்த மாதிரிதான் என்று சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் மட்டும் மனதுக்குள்ளும் அவர்கள்தான், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஸ்கூலில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு நூல்கண்டுக் கட்டையைக் கயிறு கட்டி மாட்டிவிடுவார்கள், இன்னொருத்தி தமிழ் பேசுவதை நீ பிடித்துக்கொடுத்தால் அது உன் கழுத்திலிருந்து அவள் கழுத்துக்குப் போகும், மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவளுக்கு அடி. என் சிநேகிதி எஸ்கலின் கீழே விழுந்து முட்டி பெயர்ந்து அம்மா என்று கத்தினாள். அம்மா தமிழ்தானே. நான் ஓடினேன், அவளைத் தூக்க அல்ல, கட்டையை மாட்ட. ரத்தம் வழிய வழிய அவள் கழுத்தை நீட்டிக் காட்டினாள், சண்டை போடவில்லை, நியாயம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. நல்ல ஸ்கூல் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இவளை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டோவுக்கு ஆசை.

புரண்டு படுக்கிறாள். இல்லை, எழுந்திருக்கவில்லை. அழவில்லை அழவில்லை என்கிறானே, அவனுக்கு எது சாட்சி என்றால் போன மாதா திருவிழா. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, தெர்மோகோலில் இறக்கை வெட்டி முதுகில் கட்டி, சம்மனசாக்கி மாதா சப்பரத்தில் உட்காரவைப்பது, பிள்ளைக்கும் ஆசீர்வாதம், வீட்டுக்கும் பெருமை. இவளை மாதாவின் காலடியில் கட்டி உட்காரவைத்தார்கள், ஆமாம் கட்டித்தான், இடுப்பில் வெள்ளை ரிப்பன், விழுந்துவிடக்கூடாதே. பேண்டு வாத்தியம் காதுக்குப் பக்கத்தில், தெரு முனைக்கு முனை சரவெடி, மெழுகுவர்த்திப் புகை, ஆட்கள் தோளில் சப்பரம் குலுங்கிக் குலுங்கிப் போகிறது. மற்றச் சம்மனசுகள் எல்லாம் கதறின. ஒன்று வாந்தி எடுத்தது. இவள் மட்டும் அசையவில்லை. "யாரு பிள்ள அது, சம்மனசேதான்!" "கண்ணு கூட சிமிட்டலயே, என்ன பக்தி பாரேன்." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பின்னாலேயே நடந்தேன், கண்ணு கூட சிமிட்டவில்லைதான், நான்தான் பார்த்தேனே, வெடிச்சத்தத்துக்குக்கூடச் சிமிட்டாத கண் என்ன கண். கோயிலில் இறக்கும்போது முட்டி மடங்கவில்லை. மரப்பொம்மையைத் தூக்குகிற மாதிரி உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொடுத்தார்கள். வெள்ளைச் சாக்ஸ் இரண்டும் மஞ்சளாக நனைந்திருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு வாயில் பேச்சில்லை, அதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த காக்கா, பூ, தா எல்லாம் எங்கோ போய்விட்டது. பிரிட்டோவிடம் சொன்னேன், என்னங்க, இவ பயந்தா அழமாட்டா, நின்னு போயிடுவா, மெஷின் நிக்கிற மாதிரி. "நீ என்ன சைக்காலஜியா படிச்ச, பி.காம்தானே?" என்றான். சொல்லிவிட்டு அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான், சத்தத்தைக் கூட்டி, பெருமையாக. மஸ்கட்டுக்கு அனுப்பினான். அங்கிருந்து கும்பிடுகிற கை வரிசையாக வந்தது. வெடிக்கே அசையாதவ ராட்டினத்துக்கா பயப்படப்போறா. அதுதான் அவனுடைய வாதம், அதற்குப் பதில் இவளுடைய சாக்ஸில் இருந்தது, அதை அன்றைக்கே துவைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு அழுகை. கேமராவில் ஒரே ஒரு அழுகை. கூட்டத்தில்தான் இவள் உறைந்துபோகிறாள், வீட்டில் நன்றாக அழுவாள், பிஸ்கெட் உடைந்தால் அழுவாள், தலை துவட்டினால் அழுவாள், அப்பா செருப்பு மாட்டினால் அழுவாள். அந்த தீம் பார்க்கில் பெரிய கரடி வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கிறான் ஒருத்தன், அண்ணி அதையும் அனுப்பியிருந்தாள், பார்த்தியா எவ்வளவு க்யூட் என்று. சரி, அந்தக் கரடியை இங்கேயே கொண்டுவருகிறேன். வெளியே, அவ்வளவு தூரத்தில், கூட்டத்தில் பயப்படுவதைவிட இங்கே, என் பக்கத்தில், கொஞ்சமாகப் பயந்துவிடட்டும், அம்மை ஊசி மாதிரி. என்ன நியாயமாக இருக்கிறது. ஷூ ஸ்டாண்டின் மேல் பிரிட்டோவின் ஹெல்மெட், முகம் முழுக்க மூடுவது, கறுப்புக் கண்ணாடி. கொக்கியில் அவனுடைய மழைக்கோட், அதுவும் கறுப்பு, எனக்குக் கணுக்கால் வரைக்கும் வருகிறது. போனை டிவிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து வீடியோவை அமுக்கினேன். ஹெல்மெட்டுக்குள் அவனுடைய தலை எண்ணெய், பழைய வேர்வை, என் மூச்சு. என் மூச்சு எனக்கே யாரோ பக்கத்தில் நின்று விடுகிற மாதிரி கேட்டது. இவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். வழக்கமாக எழுந்ததும் ஒரு சிணுங்கல் சிணுங்குவாள், அது பாதி வந்தது, அப்போது என்னைப் பார்த்தாள், மீதி வரவில்லை.

அழு. அவ்வளவுதான் நான் நினைத்தேன், அழு, உடனே கழற்றிவிடுகிறேன், தூக்கிக்கொள்கிறேன், நாளைக்கு நாம் இரண்டு பேரும் வீட்டில் தோசை சுட்டுச் சாப்பிடுவோம். கையைத் தூக்கி உறுமினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அது என் குரலாக வரவில்லை. அவள் பாயில் எழுந்து நின்றாள், ஓடத்தான் எழுந்தாள், எந்தப் பக்கம் ஓடுவது, ஓடினால் என்னிடம்தான் ஓடி வருவாள், நான்தான் இங்கே நிற்கிறேனே. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்க அவள் சின்னதாக, பழைய போட்டோவில் இருக்கிற யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தாள். அழு சனியனே. ஒரு அடி வைத்தேன். மழைக்கோட் சரசரத்தது. அவள் உதடு பிதுங்கியது, இதோ, இதோ வருகிறது என்று இருந்தது, வரவில்லை, பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. நிறுத்தியிருக்க வேண்டும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் என்னமோ ஒன்று சூடாக, சுகமாக எழும்பிக்கொண்டு வந்தது, இந்த வீட்டில் யாரும் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் இப்படி நின்றதில்லை, மூச்சை அடக்கி, கண் எடுக்காமல், நான் அடுத்து என்ன செய்வேன் என்று. இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது. குனிந்து ஹெல்மெட்டை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய் உறுமினேன். அவள் கால்களுக்கு நடுவே ஈரம் இறங்கி, பாயில் பரவி, தரைக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. கண் சிமிட்டவில்லை. அப்புறம் மெதுவாக, தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி, இரண்டு கையையும் தூக்கி நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிட்டாள். கோயிலில் இயேசுவின் சுருபத்தைக் கண்டால் சேசப்பா கும்பிடு என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், பெரிதாக, பேசாமல், முகத்தில் எதுவும் தெரியாமல் எது நின்றாலும் கும்பிட வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள்.

கழற்றினேன். "அம்மாதான்டா, அம்மா பாரு, அம்மாதான் சும்மா" என்றேன். அவள் என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி ஹெல்மெட். கையைப் பிரிக்கவில்லை. கிட்டேயும் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், அதற்கென்ன அவ்வளவு அவசரம், பிள்ளையைத் தூக்காமல் போனை எடுத்தேன். வீடியோவில் எல்லாம் அழகாக இருந்தது. ஒரு கோமாளி மழைக்கோட் போட்டுக்கொண்டு உறுமுகிறது, ஒரு பிள்ளை நிதானமாக எழுந்து நின்று, பார்த்து, கும்பிடுகிறது. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் கீழே, பாயின் ஓரத்தில், அந்தப் பளபளப்பு இருந்தது, பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், பிள்ளை பெற்றவள்தானே அண்ணி, இரண்டு பெற்றவள், ஈரம் எது என்று தெரியாதா. பாருங்கள், இதற்குப் பெயர் தைரியம் இல்லை, இவளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, இன்னும் வயது போதாது. ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினேன். வீடியோவே பேசும் என்று நினைத்தேன். பேசியது. அண்ணியின் குரல் உடனே வந்தது, சிரிப்பில் மூச்சு வாங்குகிறது, "அய்யோ என் தங்கமே, பூச்சாண்டியக் கும்பிடுது பாரேன்! டேய், வந்து பாருங்கடா, உங்க ரெண்டு பேரையும் விட இவளுக்குத் தைரியம்டா! ஜெசி, பயம் எல்லாம் உனக்குத்தான், பிள்ளைக்கு இல்ல. வேன்காரருக்கு ஓகே சொல்லிட்டேன்." பின்னால் பையன்கள் உறுமிக் காட்டுகிறார்கள்.

பிரிட்டோ கூப்பிட்டான். "ஏய், ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு என்ன கூத்தடிக்கிற நீ? ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன், விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. என் பொண்ணுடி. நின்னா பார்த்தியா, சிங்கக்குட்டி!"

"முழுசாப் பார்த்தீங்களா?"

"நாலு தரம் பார்த்தாச்சு."

"கீழ பார்த்தீங்களா?"

"கீழ என்ன?"

சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு வார்த்தை, எவ்வளவு முரடனாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு நிற்பான், நாளைக்கு இவள் வீட்டில் இருப்பாள், கரடி இல்லை, கூட்டம் இல்லை, சுழல்கிற எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். யாரைப் பார்த்து ஒண்ணுக்குப் போனாள். போனது தெரிந்தும் நீ எவ்வளவு நேரம் நின்றாய். ஏன்டி உடனே கழற்றவில்லை. வீடியோவை ஐந்தாவது தரம், இந்தத் தரம் சிரிக்காமல், என்னைப் பார்ப்பதற்காகப் போட்டுப் பார்ப்பான், நான் குனிகிற இடத்தில் நிறுத்துவான். அண்ணியிடம் சொல்லுவான். அப்புறம் பிள்ளைக்கு வயது போதுமா என்று யாரும் பேசமாட்டார்கள். பிள்ளை வைத்துக்கொள்ள எனக்கு வயது போதுமா என்று பேசுவார்கள்.

"ஹலோ? கீழ என்ன ஜெசி?"

"ஒண்ணுமில்லங்க. தண்ணி கொட்டிருச்சு, துடைக்கணும்."

"அப்ப நாளைக்குப் போறோம்ல? அங்க போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக்கூடாது."

"போலாம்."

"காலையில அவ பயப்படுவான்னு அவ்வளவு சொன்னியே?"

"இல்ல," என்றேன், "பயப்படல."

வைத்துவிட்டான். பாயைச் சுருட்டினேன், தரையைத் துடைத்தேன், பினாயில் ஊற்றி இன்னொருதரம் துடைத்தேன். ஜட்டியைக் கழற்ற ஒரு காலைத் தூக்கு என்றேன், தூக்கினாள். இன்னொரு கால் என்றேன், தூக்கினாள். கவுனைப் போட கையை மேலே என்றேன், கும்பிட்டிருந்த கையைப் பிரித்து மேலே தூக்கினாள். இவ்வளவு சொன்னபடி கேட்டதே இல்லை, எந்தச் சட்டை போட்டாலும் ஒரு யுத்தம் நடக்கும் இந்த வீட்டில். பவுடர் போட்டேன், தலை வாரினேன், நாளைக்கு எந்தத் தொப்பி போடலாம், ரோஸ் தொப்பியா மஞ்சள் தொப்பியா என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன், குரல் நன்றாகத்தான் இருந்தது. மடியில் உட்காரவைத்தேன், உட்கார்ந்தாள். கன்னத்தைத் தொட்டேன், தொடவிட்டாள். பேச்சு போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியவில்லை, அதைத்தான் பார்க்க வேண்டும் என்று, எல்லாப் பிள்ளைகளிடமும் எல்லாரும் கேட்பதைக் கேட்டேன். "இவாக்குட்டி, அப்பா எங்க?" சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோவில் பிரிட்டோவைக் காட்டினாள். "ஃபேன் எங்க?" மேலே காட்டினாள். எனக்கு மூச்சு வந்தது. சிரித்தேன். முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். "அம்மா எங்க?" அவள் என் கண்ணையே பார்த்தாள், ரொம்ப நேரம், மரியாதையாக. அப்புறம் விரலை நீட்டி, எனக்குப் பின்னால், சமையலறைப் பக்கம் காட்டினாள்.

நானும் திரும்பிப் பார்க்கிறேன்.